எந்த நச்சு? பெயரைச் சொல்லுங்கள்

மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். இரத்தத்தில் எது இருந்தாலும் அதற்கு ஒரு பெயர் உண்டு, அளவு உண்டு, தாண்டக் கூடாத எல்லையும் உண்டு. யூரியா, கிரியாட்டினின், பிலிருபின், அம்மோனியா என்று உடம்பு தானே உண்டாக்கித் தானே வெளியேற்றும் கழிவுகளைத் தினமும் அளந்து எழுதுகிறேன். வெளியிலிருந்து வரும் ஈயத்தையும் பாதரசத்தையும்கூட அளக்க முடியும். அதனால்தான் என் தங்கை, வெறும் சாறும் மூலிகைத் தேநீரும் குடிக்கச் சொல்லும் ஒரு டீடாக்ஸ், அதாவது நச்சு நீக்கும், திட்டத்தை அனுப்பி, "அக்கா, இதைப் பண்ணட்டுமா? நச்செல்லாம் போய் எடையும் குறையுமாம்" என்று கேட்டதும், நான் அதில் முதலில் தேடியது நச்சின் பெயரை. அவ்வளவு நீள விளம்பரத்தில் ஒரு பெயர்கூட இல்லை.

அந்த ஒரு திட்டத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 2009-இல் பிரிட்டனில், அறிவியல் பெயரில் வரும் கூற்றுகளுக்கு ஆதாரம் கேட்கும் 'சென்ஸ் அபவுட் சயன்ஸ்' அமைப்போடு சேர்ந்த இளம் அறிவியலாளர்கள், டீடாக்ஸ் என்று சொல்லி விற்கப்பட்ட 15 பொருள்களை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளர்களை விசாரித்தார்கள். டீடாக்ஸ் என்றால் என்ன என்பதற்கு எந்த இரண்டு நிறுவனமும் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

"ஆனா என் ஃபிரெண்டுக்கு ஒரே வாரத்துல மூணு கிலோ குறைஞ்சிருக்கே?" என்றாள் தங்கை. குறைந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கல்லீரலிலும் தசைகளிலுமாக ஏறத்தாழ அரை கிலோ கிளைகோஜன், அதாவது உடம்பு சேர்த்துவைக்கும் மாவுச்சத்து, சேமிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டை நிறுத்தி வெறும் சாறு குடித்தால் முதல் சில நாளில் இந்தச் சேமிப்பு கரைந்து, கூடவே தண்ணீரும் போய்விடும். எடை இயந்திரத்தில் இரண்டு கிலோ இப்படியே காணாமல் போகலாம். குடல் காலியாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். நாளுக்கு 1,000 கலோரி குறைத்தால்கூட ஒரு வாரத்தில் 7,000 கலோரிதான், ஒரு கிலோ கொழுப்புக்கும் கொஞ்சம் கீழே. மறுபடி வழக்கம்போலச் சாப்பிட ஆரம்பித்ததும் கிளைகோஜனும் தண்ணீரும் பழையபடி சேர்ந்துகொள்ளும். புரதம் இல்லாத நாட்களில் கரைந்த தசைதான் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது.

நச்சு நீக்கும் வேலை உடம்பில் நடக்காமல் இல்லை. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, தேவையானதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, மிச்சமான ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன. கல்லீரல் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலில் நொதிகள் வேதிப்பொருளை மாற்றுகின்றன. பிறகு அதோடு வேறொரு மூலக்கூறை இணைத்து, நீரில் கரைந்து வெளியேறும்படி செய்கின்றன. அப்படி இணைக்கப்படுவதில் முக்கியமான ஒன்று குளுட்டாதயோன். மூன்று அமினோ அமிலங்களால் ஆனது அது. அமினோ அமிலத்துக்கு மூலம் நாம் சாப்பிடும் புரதம். புரதமே இல்லாத சாற்றைக் குடித்துக் கல்லீரலுக்கு உதவுகிறோம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பெயர் சொல்லக்கூடிய நச்சுகளையே எடுத்துக்கொள்வோம். டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி, ஒரு காலத்தில் மின்சாதன எண்ணெய்களில் இருந்த பி.சி.பி. போன்ற வேதிப்பொருள்கள் நம் கொழுப்பில்தான் தங்கியிருக்கின்றன. எடை குறையும்போது அவற்றின் அளவு இரத்தத்தில் கூடுவதை ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன. அதற்காக எடையைக் குறைக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசர அவசரமாகக் கொழுப்பைக் கரைப்பது நச்சு நீக்கம் ஆகாது என்கிறேன். ஈயம் ஏறிய ஒருவருக்கு மருத்துவமனையில் தரும் சிகிச்சைதான் உண்மையான நச்சு நீக்கம். அங்கே முதலில் இரத்தத்தில் ஈயத்தை அளப்பார்கள், பிறகுதான் மருந்து. முடித்த பிறகும் அளப்பார்கள்.

இந்தத் திட்டங்களால் நன்மையே இல்லையா என்றால், உண்டு. குளிர்பானம், மது, பொட்டலத் தின்பண்டம், நடுராத்திரிச் சாப்பாடு எல்லாம் ஒரே நாளில் நிற்கிறது. பலருக்கு உடம்பு லேசாகிறது, தூக்கம் நன்றாக வருகிறது. இவை நிறுத்தியவற்றால் வரும் பலன் என்பது என் எண்ணம். பாட்டிலில் இருப்பதற்கு அதில் பங்கில்லை. 2015-இல் வெளியான ஒரு திறனாய்வுக் கட்டுரை இருக்கிற ஆய்வுகளையெல்லாம் அலசியது. சிலவற்றில் பலன் தெரிந்தாலும், ஆட்கள் குறைவு, முறையிலும் பிழைகள் என்றது. வணிக டீடாக்ஸ் உணவுமுறை எதற்கும் முறையான, ஒப்பீட்டுக் குழு வைத்த ஆய்வு அதுவரை இல்லை என்றும் சொன்னது.

ஆபத்துக்கு வந்தால் என் வேலை மேசைக்கே வந்துவிடுகிறேன். இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். 120-க்குக் கீழே ஒரு எண் வந்தால் அறிக்கை அச்சாகும் வரை நாங்கள் காத்திருப்பதில்லை. உடனே வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவோம். குழப்பம், வலிப்பு, சுயநினைவு இழப்பு என்று போகக்கூடிய நிலை அது. சரியாகச் சாப்பிடாமல் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிப்பது அங்கே கொண்டுவிடும். மூலிகைத் தேநீர் என்ற பெயரில் வரும் பொட்டலங்கள் பலவற்றில் நிலாவாரை இருக்கிறது. அது பேதி மருந்து. பெருங்குடலில் வேலை செய்வது. கலோரியோ அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டிருக்கும். ஆக, போவது தண்ணீரும் பொட்டாசியமும். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். பச்சைக் கீரைச் சாற்றை அளவில்லாமல் குடித்தால், அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுத்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் மருந்தின் வேகம் குறையும். இன்சுலின் போடுபவர்கள் சாப்பாட்டை நிறுத்தினால் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கும்.

என் தங்கை இரத்த அழுத்தத்துக்கு எடுப்பது சிறுநீரைப் பெருக்கும் வகை மாத்திரை. அதுவே சோடியத்தையும் பொட்டாசியத்தையும் குறைக்கக்கூடியது. அதன்மேல் பேதித் தேநீரும் வெறும் சாறும் என்றால் நான் சம்மதிக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "அப்ப நான் என்னதான் பண்றது?" என்றாள். குளிர்பானத்தை இன்றே நிறுத்து, பழத்தைச் சாறாக்காமல் கடித்துச் சாப்பிடு, மூன்று வேளையும் புரதம் இருக்கட்டும், வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும் என்றேன். மாத்திரை எழுதித் தந்த மருத்துவரிடம் கேட்டு ஒருமுறை சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்துவிடவும் சொன்னேன். தேநீர்ப் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.