டைப் டூ குவார்ட்டர்ஸும் எதிரே இருந்த ஜுக்கியும்

டெல்லியில் அரசு குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் "எந்த செக்டார், என்ன டைப்?" என்றுதான் கேட்பார்கள். அரசு வீடுகளைச் சம்பள நிலைக்கேற்ப டைப் ஒன், டூ என்று பிரித்திருப்பார்கள், அதனால் பதிலிலேயே அப்பாவின் சம்பளம் தெரிந்துவிடும். என் அப்பா மத்திய அரசில் யு.டி.சி., அதாவது மேல்நிலை கிளார்க். ஆர்.கே.புரத்தில் டைப் டூ வீடு. மாடிப்படி முழுக்க கிளார்க் குடும்பங்கள். பள்ளி, அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். டிஸ்பென்சரி, கேந்திரிய பண்டார் கூட்டுறவுக் கடை, மலை மந்திர் முருகன் கோயில் எல்லாமே நடந்துபோகிற தூரம். வெளியில் வாடகை கொடுத்திருந்தால் அப்பாவால் எங்கள் மூவரையும் படிக்கவைத்திருக்க முடியாது. அதனால், அரசு திட்டமிட்டதெல்லாம் வீண் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த விழுப்புரத்து அக்கா, சாலைக்கு எதிரே ஜுக்கியில், அதாவது குடிசையில், இருந்தார். அவருக்கு எந்த டைப்பும் இல்லை.

இதன் வேர் நிலத்தில் இருக்கிறது. ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், எஃகு ஆலை எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்ததைப் போலவே, டெல்லியில் வீடு எங்கே வரவேண்டும் என்பதையும் அரசே தன் கையில் எடுத்தது. 1957இல் டெல்லி வளர்ச்சி ஆணையம் பிறந்தது. 1959இல் 34,000 ஏக்கருக்கும் மேல் கையகப்படுத்த அறிவிப்பு வந்தது. 1962இல் நகரம் முழுவதற்குமான மாஸ்டர் பிளான். நிலத்தை வாங்குவது, பிரிப்பது, விற்பது எல்லாம் அரசே. தரகர்கள் விலையை ஏற்றிக் கொள்ளையடிக்கக் கூடாது என்ற நோக்கம் நேர்மையானது, அதை இன்றும் மதிக்கிறேன்.

விற்பவர் ஒருவரே என்றானதும் வரிசை நீண்டுவிட்டது. 1979இல் ஆணையத்தின் ஃபிளாட்டுக்குப் பதிவு செய்தவர்கள் 1,70,000க்கும் மேல். இருபது வருடம் தாண்டியும் சாவி கிடைக்காதவர்கள் அதில் ஏராளம். கிரேட்டர் கைலாஷ் போன்ற காலனிகளைப் போட்ட தனியார் நிறுவனம் டி.எல்.எஃப். டெல்லி எல்லையைத் தாண்டி ஹரியானாவின் குர்காவ்ன் போனது. காத்திருக்க முடியாதவர்கள் விவசாயியிடம் கிரயப் பத்திரம் இல்லாமல் வெறும் பவர் ஆஃப் அட்டர்னியில் துண்டு நிலம் வாங்கிக் கட்டினார்கள். 2019இல் உரிமை வழங்க அரசு எடுத்துக்கொண்ட அங்கீகாரமற்ற காலனிகள் மட்டும் 1,731. அதற்கும் வழியில்லாதவர்கள் வடிகால் ஓரம், ரயில் பாதை ஓரம்.

சீனா 1958இல் ஹூக்கோ என்ற குடியிருப்புப் பதிவைக் கொண்டுவந்து, கிராமத்து ஆட்களை நகரத்துக்குள் வரவிடாமலேயே தடுத்தது. இங்கே ஜனநாயகம், யாரையும் தடுக்க முடியாது. வரலாம், உழைக்கலாம், தங்க மட்டும் இடம் இல்லை. இரண்டு நாட்டிலும் திட்டம் எழுதியவர்கள் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் ஆள் கணக்குப் போட்டார்கள், அந்த ஆட்களுக்குச் சமைத்துப் போடுபவர்களை எண்ணவில்லை.

2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புரா மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. பாராபுல்லா வடிகால் ஓரத்தில் சுமார் 370 குடிசைகள், பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள். மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189. அந்த வீடும் நரேலாவில், நகரத்தின் வடகோடியில். என் தோழி வீட்டில் சமைக்கிற அம்மா அங்கிருந்து விடிவதற்கு முன்பே கிளம்புகிறார். பஸ் காசும் நேரமும் போக அவர் கையில் என்ன நிற்கும்? பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியை எப்படித் தொடர்வார்கள்?

இத்தனைக்கும் 1962 மாஸ்டர் பிளானிலேயே, குறைந்த வருமானக்காரர்களுக்கு நகரின் பல பகுதிகளிலும் நிலம் ஒதுக்கவேண்டும் என்று இருந்தது. திட்டத்தின் மிக நல்ல பக்கம் அதுதான். அதைத்தான் யாரும் கட்டவில்லை.

சரோஜினி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் காலனிகளை இடித்து அடுக்குமாடியாக்கும் வேலைக்கு 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நிலம் இன்னமும் அரசுடையது, யாரிடமும் விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. அந்த அடுக்குமாடிகளுக்கு வேலைக்கு வரப்போகிறவர்களுக்கும் அங்கேயே சிறிய வாடகை வீடுகள் கட்டித் தரவேண்டும். குவார்ட்டர்ஸில் வளர்ந்த நாமே இதைக் கேட்கவேண்டும். சங்கக் கூட்டங்களில் பேசுங்கள், உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன்.