தோட்ட நகரம் என்பது ஒரு நிலக்கணக்கு

'கார்டன் சிட்டி' என்றதும் நம்மூரில் நினைவுக்கு வருவது நுழைவு வளைவும் நாலு தென்னங்கன்றும் வைத்த மனைப்பிரிவு. 1898-இல் இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்ட் போட்ட திட்டத்தில் மரம் இரண்டாம்பட்சம்தான்.

அவர் போட்ட கணக்கு: 6,000 ஏக்கர் விவசாய நிலம், ஏக்கர் 40 பவுண்டு, மொத்தம் 2,40,000. அதை 4 சதவீத வட்டிக்குக் கடனாகத் திரட்ட வேண்டும். 1,000 ஏக்கரில் ஊர், மீதியில் விவசாயம், 32,000 பேர். ஆண்டு வட்டி 9,600 பவுண்டை அத்தனை பேருக்கும் பிரித்தால் தலைக்கு 6 ஷில்லிங்தான் (அன்று 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). மனையை விற்கக் கூடாது, குத்தகைக்கு மட்டுமே விட வேண்டும். ஊர் வளர வளர வாடகை ஏறும். வயல் மனையாகும்போது வருகிற லாபம் முழுக்க ஊர்க்கணக்கில் சேரும்.

1903-இல் லண்டனுக்கு வடக்கே லெட்ச்வொர்த்தில் 3,818 ஏக்கர் வாங்கி இதைச் செய்து பார்த்தார்கள். சாலை, குடிநீர், சாக்கடை எல்லாவற்றுக்கும் பணத்தை முதலிலேயே கொட்டியாக வேண்டும். வாடகையோ சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பங்குதாரருக்கு 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்த ஐந்தை முழுதாகக் கொடுக்கவே 1923 ஆகிவிட்டது. 150 பவுண்டில் வீடு கட்டிக் காட்டச் சொல்லி 1905-இல் கண்காட்சியும் நடத்தினார்கள். அப்படியும் அடிமட்டக் கூலிக்காரர்களுக்கு அந்த வாடகை கட்டுப்படியாகவில்லை. பக்கத்து ஹிட்சினில் குடியிருந்துகொண்டு வேலைக்கு மட்டும் வந்துபோனார்கள்.

இன்னொரு ஓட்டை, நிலம் பங்கு நிறுவனத்தின் பேரில் இருந்தது. 1960-இல் வெளியார் பங்குகளை வாங்கி ஊரையே பிடித்துவிட்டார்கள். மீட்பதற்கு 1962-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. அறக்கட்டளையின் பேரில் எழுதியிருந்தால் இந்தத் தலைவலியே வந்திருக்காது.

1946-க்குப் பிறகு ஸ்டீவனேஜ் போன்ற புதுநகரங்களை அரசே எழுப்பியது. நிலத்தை வயல் விலைக்குக் கையகப்படுத்த முடிந்ததால் கணக்கு உதைக்கவில்லை. 1959-இல் சட்டம் மாறி, சந்தை விலை கொடுக்க வேண்டியதாயிற்று. 'இங்கே நாளைக்கு ஊர் வரும்' என்ற எதிர்பார்ப்பும் அந்த விலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதையும் கொடுத்துவிட்டால் பள்ளிக்கும் மலிவு வீட்டுக்கும் மிஞ்சுவது சொற்பம். 2023-இல் வந்த சட்டம் சில திட்டங்களுக்கு, அமைச்சர் ஒப்புதலோடு, அந்த எதிர்பார்ப்பு விலையைக் கழிக்க இடம் கொடுக்கிறது. புதுநகரம் எழுப்ப அரசு அமைக்கும் மேம்பாட்டுக் கழகங்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

இப்படி ஒரு ஊருக்கு இடம் எவ்வளவு வேண்டும்? லெட்ச்வொர்த்தை வடிவமைத்த ரேமண்ட் அன்வின் வைத்த அளவு ஏக்கருக்கு 12 வீடு. அப்படியானால் 10,000 வீட்டுக்கு 830 ஏக்கருக்கு மேல். பள்ளி, கடை, தொழிற்கூடம் எல்லாம் தனி. இதில் நாலு மாடி வரிசை வீடுகளையும் கலந்தால்தான் பேருந்து ஓடும் அளவுக்கு ஆள் சேரும்.

அப்புறம், வேகம். கட்டுநர் ஒருவரே மொத்த நிலத்தையும் வைத்திருந்தால், விலை இறங்காத அளவுக்கு மட்டுமே ஆண்டுக்கு இத்தனை வீடு என்று விடுவார். அவர் வியாபாரம் அப்படி. சிறு கட்டுநர், நகரசபை, மலிவு வாடகைக்கு விடும் வீட்டுச் சங்கம், சொந்தமாகக் கட்டுகிறவர் எனப் பிரித்துக் கொடுத்தால் ஒரே சமயத்தில் பல தெருக்கள் எழும். 15,000 வீடு கொண்ட தோட்ட நகரம் என்று 2014-இல் அரசு அறிவித்த, லண்டனுக்குக் கிழக்கே உள்ள எப்ஸ்ஃப்ளீட்டில் அதிவேக ரயில் நிலையம் 2007-லேயே வந்துவிட்டது. ஆனால் பெரும்பகுதி நிலம் தனியார் கையில், அதுவும் சுண்ணாம்புக்கல் வெட்டிய பழைய குழிகள். பத்தாண்டு கழிந்தும் பாதி வீடுகள்கூட எழவில்லை.