ஒரு 'நீ'க்கு நடந்த சண்டை

சப்டைட்டில் வேலைக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு முன்னாடி ஒரு டிடிபி சென்டர்ல கல்யாணப் பத்திரிக்கை டைப் பண்ணிட்டு இருந்தேன். அங்க ஒரு தாய்மாமன் பேருக்கு முன்னாடி 'திரு' விட்டுப்போச்சுன்னா போதும், ரெண்டு குடும்பம் வந்து கடை வாசல்ல நிக்கும். அப்ப அது தொல்லையா தெரிஞ்சுது, இப்ப யோசிச்சா இந்த வேலைக்கு அதுதான் ட்ரெயினிங்.

படத்துல வர்ற ஒருத்தன் இன்னொருத்திய நீன்னு கூப்பிடறானா நீங்கன்னு கூப்பிடறானான்னு முடிவு பண்றதுதான் எங்க வேலைல பாதி. மீதி பாதி எழுத்து எண்றது. ஒரு வரிக்கு 42 எழுத்து, ரெண்டு வரிக்கு மேல போகக்கூடாதுன்னு எங்க ஆபீஸ் ரூல், அது இங்கிலீஷுக்குப் போட்ட கணக்கு. 'போயிட்டேன்'னு எழுதினா நமக்கு அஞ்சு எழுத்து, சாஃப்ட்வேர் கால், கொம்பு, புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணி பத்துன்னு காட்டும், வரி சிவப்பாயிடும். சிவப்பைக் கண்டா ரிவ்யூ பண்றவருக்கு பிரஷர் ஏறும்.

சில வருஷம் முன்னாடி 'ஹிரோஷிமா மோன் அமூர்' படத்துக்கு தமிழ் சப்டைட்டில் பண்ற வேலை வந்துச்சு, ஒரு சின்ன ஸ்க்ரீனிங்குக்காக. 1959ல அலென் ரெனே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், திரைக்கதை மார்கரீத் துராஸ். ஒன்றரை மணி நேரம், ரெண்டே ரெண்டு பேர் பேசிட்டே இருப்பாங்க, ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்னு ஒத்துக்கிட்டேன். மூணு வாரம் ஆச்சு.

கதை தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். அமைதி பத்தி எடுக்கிற ஒரு படத்துல நடிக்க ஹிரோஷிமாவுக்கு வர்றா ஒரு ஃப்ரெஞ்சு நடிகை. அங்க ஒரு ஜப்பான்காரன், கட்டிடக்கலைஞன், அவன்கூட ஒரு நாள் பழக்கம். அவளுக்கும் கல்யாணம் ஆயிருக்கு, அவனுக்கும் ஆயிருக்கு. குண்டு விழுந்தப்ப அவன் பட்டாளத்துல வெளியூர்ல இருந்தான், குடும்பம் அந்த ஊர்ல இருந்துச்சு. அவன் தோண்டித் தோண்டிக் கேக்க, அவ வெளிய சொல்லாம வச்சிருந்த கதை வருது. போர் நேரத்துல ஃப்ரான்ஸ்ல நெவேர்ங்கிற ஊர்ல இருந்தா, அப்பா மருந்துக்கடைக்காரர், ஊரை ஜெர்மன்காரங்க பிடிச்சு வச்சிருந்தாங்க, அதுல ஒரு சிப்பாயை இவ காதலிச்சா. பவேரியாவுக்குப் போய் கல்யாணம் பண்ணிக்கலாம்னு பிளான். ஊர் விடுதலை ஆகப்போற நேரத்துல லுவார் ஆத்தங்கரைல அவன் சுடப்பட்டுட்டான். ராத்திரி பூரா அவன் மேலயே படுத்துக் கிடந்தா. அப்புறம் ஊர்க்காரங்க அவ தலைமுடிய வெட்டினாங்க, வீட்டுக்காரங்க அவளை வீட்டுக்கடியில இருக்கிற அறைல போட்டுப் பூட்டினாங்க.

முதல்ல எனக்கு வந்தது ஸ்க்ரிப்ட் மட்டும்தான், அதுவும் இங்கிலீஷ்ல. வீடியோ நாளைக்கு தர்றோம்னு சொன்னாங்க, நானும் சும்மா இருக்காம ஆரம்பிச்சேன். அங்கதான் மானம் போச்சு. அந்த அறைக்குள்ள ஒரு 'மார்பிள்' வந்து விழுதுன்னு இருந்துச்சு, நான் பளிங்குக்கல்னு போட்டேன். கட்டிடம் இடிஞ்சு விழுதாக்கும்னு நினைச்சுட்டேன், போர் படம் வேற. மறுநாள் வீடியோ வந்து பாத்தா கோலிக்குண்டு! வெளிய தெருவுல பசங்க விளையாடறாங்க, ஒண்ணு உருண்டு ஜன்னல் வழியா உள்ள வந்துடுது, மொட்டைத்தலையோட இருக்கிற பொண்ணு அதை எடுத்துக் கையில வச்சுக்கிறா. வெயில்ல கிடந்த குண்டு, இன்னும் சூடா இருக்கு. அந்த இடத்துலதான் அவளுக்கு உலகத்து மேல இருந்த வெறுப்பு விட்டுப்போகுது. நான் பளிங்குக்கல்லைத் தூக்கி அவ தலைல போட்டிருந்தேன்.

அதே அறைச் சுவத்துல 'சால்ட்பீட்டர்' இருக்குன்னு ஸ்க்ரிப்ட் சொல்லுது. அகராதில பாத்தா வெடியுப்பு. வெடியுப்புன்னு போட்டா ஹிரோஷிமா படத்துல இன்னொரு குண்டு இருக்குன்னு ஜனங்க நினைச்சுக்கும். அவ சுவத்துல விரலைத் தேய்ச்சுத் தேய்ச்சு ரத்தம் வர வச்சு அதை நக்குவா, அதைப் பாத்தப்பதான் எங்க வீட்டு பின்கட்டு ஞாபகம் வந்துச்சு, ஈரம் ஏறின சுவர்ல வெள்ளையா வருமே, பாட்டி 'உப்பு பூத்துருக்கு'ன்னு சொல்லும். 'உப்பு பூத்த சுவரு'ன்னு போட்டேன். அந்த அறைக்கே என்ன பேரு வைக்கிறதுன்னு ஒரு பஞ்சாயத்து, பேஸ்மென்ட்னா சென்னைல கார் நிறுத்தற இடம், பாதாள அறைன்னா விட்டலாச்சார்யா மாயாஜாலப் படம். கடைசில நிலவறை.

மொட்டை அதைவிட கஷ்டம். நமக்கு மொட்டைன்னா பழனி, திருப்பதி, சந்தனம் பூசின குழந்தைத் தலை. 'எனக்கு மொட்டை போட்டாங்க'ன்னு திரைல வந்தா நிச்சயம் எவனாவது சிரிப்பான். ஆனா அதே தமிழ்ல விதவைக்கு வழிச்சுவிட்ட தலையும் இருக்கு, மொட்டச்சிங்கிற வசவும் இருக்கு, அந்தப் பக்கம் சாயணும். ஃப்ரான்ஸ்ல நடந்ததும் கிட்டத்தட்ட அதே புத்திதான். விடுதலை ஆன கையோட, ஜெர்மன்காரனோட சேந்தவன்னு சொல்லி சுமார் 20,000 பொண்ணுங்க தலைய வழிச்சு தெருவுல நடத்திக் கூட்டிட்டுப் போயிருக்காங்கன்னு வரலாற்றுக்காரங்க சொல்றாங்க. 1944 ஆகஸ்ட்ல ஷார்த்ர் ஊர்ல ராபர்ட் காப்பா எடுத்த போட்டோ ஒண்ணு உண்டு, தலை வழிச்ச ஒரு பொண்ணு கைக்குழந்தையோட நடக்கும், சுத்தி ஊரே சிரிச்சுட்டு வரும். வேலை நடந்த நாள் பூரா அந்த போட்டோவை பக்கத்து விண்டோல திறந்து வச்சிருந்தேன், அதைப் பாத்துட்டே 'தலைய வழிச்சுவிட்டாங்க'ன்னு எழுதினேன்.

இதெல்லாம் சொல் பிரச்சனை, உக்காந்து யோசிச்சா தீரும். தீராதது 'நீ'.

ஆத்தங்கரைல ஒரு கஃபே, ராத்திரி, அவன் அவளுக்கு பியர் ஊத்திக் குடுத்துட்டே கதை கேக்கறான். கேக்கறவிதம்தான் விசேஷம், 'அந்த ஜெர்மன்காரன் அப்ப செத்துட்டானா'ன்னு கேக்கமாட்டான். 'நீ நிலவறைல இருக்கும்போது, நான் செத்துட்டேனா?'ன்னு கேப்பான். அவளும் சட்டுனு 'நீ செத்துட்ட'ம்பா. அதுக்கப்புறம் அவ 'நீ'ன்னு சொல்றதெல்லாம் பதினாலு வருஷம் முன்னாடி செத்தவனைப் பாத்து, எதிர்ல உக்காந்து கேக்கறதோ இவன். பெரிய செட்டு, சண்டை, துப்பாக்கி ஒண்ணும் கிடையாது, ஒரே ஒரு ரெண்டெழுத்து... இல்ல, தமிழ்ல ஒரே எழுத்து, அதுல ஏறி ஒருத்தன் இன்னொருத்தனா மாறிடறான். எதிரி நாட்டுக்காரனைக் காதலிச்ச கதைன்னு எத்தனையோ படம் பாத்தாச்சு, வேலைக்காகவும் பாத்திருக்கேன், ஊர் என்ன சொல்லும் அப்பா என்ன சொல்வார்னு அழுதுட்டே முடியும். இதுல அழுகை சத்தம் கம்மி. அவ கத்த ஆரம்பிக்கும்போது அவன் பளார்னு கன்னத்துல அறைவான், பக்கத்து டேபிள்காரங்க திரும்பிப் பாப்பாங்க, அவ நிகழ்காலத்துக்கு வந்துடுவா. அறையறதை நான் நியாயப்படுத்தலை, படம் அப்படி.

முதல் டிராஃப்ட்ல நான் பண்ணின தப்பு, பாக்கறவங்க குழம்பிடுவாங்கன்னு அந்த 'நீ'க்குப் பக்கத்துல அடைப்புக்குறி போட்டு 'ஜெர்மன் சிப்பாய்'னு எழுதி வச்சேன். உதவி பண்றேன்னு நினைப்பு.

இங்கிலீஷ் ஸ்க்ரிப்டை நம்பறதுல இன்னொரு சங்கடம், அதுல எல்லாமே 'யூ'. ஃப்ரெஞ்சுல நம்மள மாதிரியே ரெண்டு இருக்கு, 'த்யு'ன்னா நீ, 'வூ'ன்னா நீங்க. ஃப்ரெண்டோட பெரியப்பா பாண்டிச்சேரில இருக்கார், ஃப்ரெஞ்சு பட்டாளத்துல இருந்து சொல்தா பென்ஷன் வாங்கறவர், எனக்கும் அவர் பெரியப்பாதான். கஃபே சீனை வெட்டி ஆடியோவா வாட்ஸ்அப்ல அனுப்பினேன். அரை மணி நேரத்துல போன் பண்ணாரு.

"த்யு தாம்மா சொல்றாங்க ரெண்டு பேரும். வூ இல்ல. நீதான் போடணும். அந்த ஆம்பள யாரு, நல்லா பேசறானே?"

"ஜப்பான்காரர் பெரியப்பா. எய்ஜி ஒகாடா. அவருக்கு ஃப்ரெஞ்சே தெரியாதாம், சத்தத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிச் சொன்னாராம்."

"அடப்பாவி! நாப்பது வருஷம் பேசின நானே இப்படி சொல்லமாட்டேன்" னு சிரிச்சாரு. அப்புறம், "நெவர்ஸ்னு எழுதியிருக்கியே, அது நெவேர்" னு ஒரு குட்டு. துராஸ் சைகோன் பக்கத்துல பொறந்தவங்கன்னு சொன்னதும் அவருக்கு குரலே மாறிடுச்சு, அவங்கப்பா சைகோன்ல வேலை பாத்தவராம், அந்தக் கதை ஒரு இருபது நிமிஷம் போச்சு. நான் சொல்ல மறந்த ஒண்ணு, அந்தம்மா புருஷன் ரொபேர் ஆந்தெல்மை ஜெர்மன்காரங்க பிடிச்சுட்டுப் போய் முகாம்ல போட்டாங்க, 1945ல குத்துயிரா திரும்பி வந்தார். அப்படிப்பட்டவங்க உக்காந்து ஒரு ஜெர்மன் சிப்பாய்க்காக அழற பொண்ணை எழுதியிருக்காங்க. எனக்கு இது படத்தைவிடப் பெரிய விஷயமா படுது.

அடைப்புக்குறியெல்லாம் எடுத்துட்டு, எல்லாம் 'நீ'ன்னு வச்சு ஃபைலை ரிவ்யூவுக்கு அனுப்பினேன். ரிவ்யூ பாக்கற சார் நல்ல மனுஷன்தான், டீக்கு எப்பவும் அவர்தான் காசு குடுப்பார், ஆனா கூப்பிட்டு உக்காரவச்சுட்டார்.

"மேடம், பொம்பளை ஆம்பளையப் போய் நீ நீன்னு பேசறது நம்ம ஆடியன்ஸுக்கு ஒட்டாது. அவன் அவளை நீன்னு சொல்லட்டும், அவ நீங்கன்னு சொல்லட்டும்."

"சார், அவ அவன்கிட்ட செத்துட்டன்னு சொல்றா சார். 'நீங்க செத்துட்டீங்க'ன்னு போட்டா துக்கம் விசாரிக்கிற மாதிரி இருக்கும்."

"மரியாதையா இருக்கும்."

"அந்த சிப்பாயை அவ பதினெட்டு வயசுல நீன்னு கூப்பிட்டிருப்பா சார், இவனை நீங்கன்னா அவன் எப்படி இவனா ஆவான்?"

அவர் கண்ணாடியக் கழட்டி வச்சார். அதுக்கு மேல பேசமாட்டார்னு அர்த்தம். சரி பாத்துக்கறேன்னார். மறுநாள் காலைல ஃபைல் திரும்பி வந்துச்சு, அவ பேசற வரியெல்லாம் தேடிப்பிடிச்சு மாத்துற பொறுமை அவருக்கு எங்க, மொத்தமா ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டுவிட்டிருக்கார். 'நீ' இருந்த இடமெல்லாம் 'நீங்க'. அவன் அவளையும் நீங்கன்னான். 'நீங்க செத்துட்ட'ன்னு ஒரு கார்டு (ஒரு தடவை திரைல வந்து போற சப்டைட்டிலை நாங்க கார்டும்போம்). அதோட நிக்கலை, 'நீளம்'ங்கிற வார்த்தை 'நீங்களம்' ஆயிருந்துச்சு, ஹிரோஷிமா ஆத்து 'நீர்' எல்லாம் 'நீங்கர்'. எனக்கு கோவத்துக்கு பதிலா சிரிப்பு வந்து, பக்கத்து சீட்டு பொண்ணையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்படியே ஸ்க்ரோல் பண்ணி கடைசிக்குப் போனேன். படம் முடியற இடத்துல ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேரு வைப்பாங்க, அதுவரைக்கும் யாருக்கும் பேரே கிடையாது. 'உன் பேரு ஹிரோஷிமா.' 'உன் பேரு நெவேர்.' அதுல 'உன்'தான், 'நீ' கிடையாது, அதனால தப்பிச்சுக் கிடந்துச்சு.

சார்கிட்ட நீங்களத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தார். "பேக்கப் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டார். இருந்துச்சு, என் பழைய ஃபைல், எல்லாம் 'நீ'. திரும்ப வரி வரியா மாத்த நேரம் கிடையாது, சாயங்காலம் டெலிவரி. அதையே அனுப்பச் சொல்லிட்டு டீ குடிக்கக் கிளம்பிட்டார். நான் வாதாடி ஜெயிச்சேன்னு சொல்லிக்க முடியாது, கம்ப்யூட்டர் ஜெயிச்சு குடுத்துச்சு.

ஸ்க்ரீனிங்குக்கு நானே டிக்கெட் இல்லாம கடைசி வரிசைல போய் உக்காந்தேன். ஐம்பது பேர் இருப்பாங்க, ஏசி சத்தம் படத்தைவிட ஜாஸ்தி. படம் போடறதுக்கு முன்னாடி ஒருத்தர் பேசினார், அமெரிக்காக்காரங்க மனசு நோகக்கூடாதுன்னு 1959ல கான் திரைப்பட விழாவுல இந்தப் படத்தைப் போட்டிக்கு எடுத்துக்கலைன்னு சொன்னார். 'தலைய வழிச்சுவிட்டாங்க' வந்தப்ப மூச்சைப் பிடிச்சுட்டு இருந்தேன், யாரும் சிரிக்கலை. கோலிக்குண்டு உருண்டப்ப முன் வரிசைல ஒரு அம்மா 'ச்சு'ன்னாங்க.

கஃபே சீன்ல ரெண்டு வரிசை முன்னாடி ஒருத்தர் பக்கத்துல இருந்தவரை இடிச்சு, "யாரைய்யா சொல்றா, செத்தவனையா இவனையா?"ன்னு கேட்டார். பக்கத்துல இருந்தவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கல, பதிலும் சொல்லல. கேட்டவரும் திரும்பிக் கேக்கல. என் முதல் டிராஃப்ட்ல அடைப்புக்குறி போட்டு வச்சிருந்தேனே, அதே கார்டுதான் அது.