பற்றவைக்காத கண்ணியும் பற்றவைத்த கண்ணியும்

கொல்லைப்புறத்து ஊஞ்சலுக்கு நானே செய்த முதல் சங்கிலி, நான் அதில் அசையாமல் உட்கார்ந்திருந்தவரை ஒரு குறையும் இல்லாமல் தாங்கியது. காலை உந்தி, கயிற்றூஞ்சலில் ஆடுவதைப்போல நன்றாக உயரப் போன பிறகுதான், இடப்பக்கச் சங்கிலியின் நடுக்கண்ணி ஒன்று வாய் பிளந்து, பலகை சரிந்து, நான் புல்லில் உட்கார்ந்தேன். அடி ஏதுமில்லை, ஆனால் உட்கார்ந்தபோது தாங்கிய இரும்பு ஆடும்போது ஏன் தாங்கவில்லை என்ற கேள்வி பல நாள் விடவில்லை.

அந்தச் சங்கிலியை 6 மி.மீ. கம்பியில், கண்ணிகளின் வாயைச் சுத்தியலால் நெருக்கி மட்டும் செய்திருந்தேன், வெல்டிங் செய்து பற்றவைக்கவில்லை. என் எடை 75 கிலோ. அசையாமல் உட்கார்ந்தால் ஒரு சங்கிலிக்கு ஏறத்தாழ 37 கிலோ பாரம். ஆனால் செங்குத்திலிருந்து 60 பாகை உயரத்துக்குப் போய் விழும் ஊஞ்சல், அடிப்புள்ளியைக் கடக்கும் கணத்தில், ஆடுபவரின் எடையைப்போல இரண்டு மடங்கு இழுக்கும். சங்கிலியின் நீளம் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆக, ஒவ்வொரு சங்கிலியிலும் 75 கிலோ. வாய் மூடாத கண்ணியோ ஒரு கொக்கிதான்: பாரம் முழுவதையும் ஒரே கால், அதாவது ஒரு நேர்ப்பக்கம் மட்டும், சுமக்க வேண்டும், அதுவும் நேராக இழுபடாமல் வளைந்துகொண்டே சுமக்க வேண்டும். உள் அகலம் 10 மி.மீ. உள்ள 6 மி.மீ. கண்ணி, சாதாரண மென்னெஃகில் (மைல்ட் ஸ்டீல்), சுமார் 60 கிலோவிலேயே நிரந்தரமாக விரியத் தொடங்கும் என்று பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, புல்லில் உட்கார்ந்ததில் வியப்பதற்கு ஏதுமில்லை என்று புரிந்தது. அதே கண்ணியின் வாயை முறையாகப் பற்றவைத்திருந்தால் இரண்டு கால்களும் பாரத்தைப் பகிர்ந்திருக்கும். தாங்குதிறன் பல மடங்கு கூடியிருக்கும்.

இரண்டாம் முறை 8 மி.மீ. மென்னெஃகுக் கம்பியை எடுத்தேன். வலிமைக் கணக்குக்கு 6 மி.மீ. போதுமென்றாலும், தேய்மானத்துக்கும் என் பற்றவைப்பில் இருக்கக்கூடிய குறைகளுக்கும் சேர்த்தே இந்தத் தடிப்பு. கட்டடத்துக்கான டி.எம்.டி. (TMT) கம்பி மிஞ்சிக் கிடக்கிறதென்று அதை எடுக்க வேண்டாம். அதன் வலிமை கடினமாக்கப்பட்ட மேல்தோலில் இருக்கிறது, பற்றவைக்கும் சூட்டில் அந்தத் தோல் இளகிவிடும். துத்தநாகப் பூச்சுள்ள கம்பியும் கூடாது, ஏனெனில் அதைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும்.

உள்நீளம் 40, உள் அகலம் 12 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு கண்ணிக்குக் கம்பி 12 செ.மீ. வேண்டும், ஒரு மீட்டர் சங்கிலிக்கு 25 கண்ணிகள். இரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டு சங்கிலிகள் என்றால் 100 கண்ணிகள், 12 மீட்டர் கம்பி, ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. 12 மி.மீ. தடிப்பும் 40 மி.மீ. அகலமும் உள்ள பட்டை இரும்பின் விளிம்புகளை அரத்தால் உருட்டி, வைஸில் (மேசைப் பிடிப்பில்) பிடித்து, அதன்மேல் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி நெருக்கமாகச் சுற்றினேன். பட்டையிலிருந்து கழற்றிய சுருளின் நேர்ப்பக்கத்தை ஹேக்ஸா என்ற இரும்பறுக்கும் வாளால் நெடுக அறுத்தால் கண்ணிகள் ஒவ்வொன்றாக உதிரும். வளைவில் அறுக்கக் கூடாது. கண்ணிகள் ஒன்றோடொன்று உரசித் தேய்வதெல்லாம் வளைவில்தான்; இணைப்பு அங்கே இருந்தால் தேய்மானம் நேராக அதன்மேலேயே விழும்.

சுருளிலிருந்து வந்த கண்ணியின் இரு முனைகளும் ஒரு கம்பித் தடிப்பு விலகி நிற்கும். அவற்றை வைஸில் நெருக்கி நேர்ப்படுத்துவதற்கு முன், முனைகளைப் பென்சில்போலச் சற்றுச் சரித்து அரைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சரிவு இல்லையென்றால் உருகிய உலோகம் மேலே ஒரு பொட்டாக நிற்குமே தவிர நடுவரை இறங்காது. பார்க்க அழகாக இருக்கும், உள்ளே பொய்யாக இருக்கும். அப்படி அழகாக வந்த ஒன்றை வைஸில் பிடித்து வளைத்துப் பார்த்தேன், பிஸ்கட்போல உடைந்தது. அதன்பின் பத்துக்கு ஒன்றை வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பாதிக் கண்ணிகளைத் தனித்தனியாக மூடிவிட்டால் வேலை எளிது. மூடிய இரண்டைத் திறந்த ஒன்றால் கோத்துப் பற்றவைத்தால் மூன்று. இரண்டு மூன்றுகளை இன்னொரு திறந்த கண்ணியால் இணைத்தால் ஏழு. கோக்கும்போது வெல்டிங் எந்திரத்துக்கு மின்னோட்டம் திரும்பும் எர்த் பிடியைப் பற்றவைக்கும் அதே கண்ணியிலேயே மாட்ட வேண்டும். சோம்பலில் சங்கிலியின் மறுமுனையில் மாட்டினால், மின்னோட்டம் தளர்வான தொடுமுனைகள் வழியே பாய்ந்து, ஒவ்வொரு வளைவிலும் சிறு தீப்புள்ளிகளைப் பொரித்துவிடும். பற்றவைத்த சூட்டோடு தண்ணீரில் போடாமல் தானாக ஆறவிட்டு, கசடைத் தட்டி, கைபடும் பக்கத்தை மழுக்கினேன்.

குழந்தைகளை உட்காரவைக்கும் முன், ஒவ்வொரு சங்கிலியிலும் 150 கிலோ மணல் மூட்டைகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரவு முழுவதும் தொங்கவிட்டேன். அதற்கு முன்பே பத்துப் பத்துக் கண்ணிகளுக்கு வண்ணப் பொட்டு வைத்து நீளத்தை அளந்து வைத்திருந்தேன். காலையில் ஒரு பகுதி மட்டும் இரண்டு மி.மீ. நீண்டிருந்தது, அதில் ஒரு கண்ணியின் இணைப்பில் மயிரிழை வெடிப்பு தெரிந்தது. அதை வெட்டி மாற்றி, மீண்டும் ஓர் இரவு. இத்தனைக்குப் பிறகும் இந்தச் சங்கிலியைப் பாரம் தூக்கும் வேலைக்குக் கொடுக்க மாட்டேன், யார் கேட்டாலும்.

பூச்சு அடித்தபின், கை பிடிக்கும் உயரத்தில் அகலமான ரப்பர்க் குழாயை, சங்கிலியை மாட்டும் முன்பே கோத்துவிட்டேன். சிறு விரல்களைக் கண்ணிகள் கடிக்காமலிருக்க அதுவே போதும். மேல் கொக்கியில் உரசும் முதல் கண்ணியைத்தான் மாதம் ஒருமுறை அளக்கிறேன். 8 மி.மீ. என்று தொடங்கியது, போன மாதம் 7.4 இருந்தது. 7 மி.மீ.யைத் தொட்டால் கழற்றிவிடுவேன். மாற்றுக் கண்ணிகள் நான்கு, அறுத்து முனை சரித்தபடி, ஒரு டப்பாவில் தயாராக இருக்கின்றன.