கடவுள் கொடுத்த வேலையும் போகும்

வீட்டில் கஷ்டம் என்று வெளியே தெரிந்ததும் காதில் விழுகிற முதல் வார்த்தை, "எல்லாம் நன்மைக்குத்தான் சிஸ்டர், கர்த்தர் ஒரு நோக்கத்தோடதான் செய்வார்." சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். பைபிளில் ரோமர் 8:28-ல் இருக்கிறதுதான், எனக்கும் மனப்பாடம். ஆனால் சிலிண்டர் தீர்ந்து, அடுத்தது புக் பண்ணக் கையில் காசில்லாமல் நிற்கிறவளிடம் அதைச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால், அவள் அந்த வசனத்தை எந்த அடுப்பில் வைப்பாள்? எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்களை எல்லாரும் திட்டுகிறோம், அவர்கள்கூட முதல் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வினை.

எங்கள் வீட்டுக்காரர் ஹார்பருக்குக் கண்டெய்னர் அடிக்கிற டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். அது என்ன பிழைப்பு என்று வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டியை வரிசையில் போட்டுவிட்டு ஹார்பர் வாசலான ஜீரோ கேட்டில் வரிசை எப்போது நகரும் என்று கேபினிலேயே விடிய விடிய கிடப்பார்கள். ஆனாலும் அது நாங்கள் உபவாசம் இருந்து, அழுது, கேட்டு வாங்கின வேலை. ஏப்ரல் மாதம் முதலாளி வண்டிகளையெல்லாம் விற்றுவிட்டார், நின்றுபோன சம்பளமும் வரவில்லை.

வேலை போனதைவிட எனக்கு வேறொன்றுதான் ராத்திரியில் தூக்கத்தைக் கெடுத்தது. கேட்டோம், கொடுத்தார், சரி. கொடுத்தவரே ஏன் எடுத்தார்? நாமாகத் தேடிக்கொண்டு கெட்டால் நம் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். அவர் கொடுத்ததே போனால் அப்போது அவர் கொடுத்தது என்று நினைத்ததே நம் கற்பனையா?

இதைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோதுதான் எலியா தீர்க்கதரிசியின் கதையில் அதுவரை கண்ணில் படாத ஓரிடம் பட்டது. 1 இராஜாக்கள் 17. பஞ்சம் வரப்போகிறது, கேரீத் ஆற்றோரம் போய் ஒளிந்துகொள், அந்தத் தண்ணீரைக் குடி, காகம் உனக்குச் சாப்பாடு கொண்டுவரும் என்று கர்த்தர்தான் அனுப்புகிறார். இவரும் போகிறார், சாப்பிடுகிறார். ஏழாம் வசனத்தில் அந்த ஆறு வற்றிப்போகிறது. கடவுளே கைகாட்டின ஆறு! எலியா தப்புப் பண்ணதாக ஒரு வரி இல்லை, விசுவாசம் குறைந்ததாக ஒரு வரி இல்லை. மழை இல்லை, அதனால் வற்றியது, அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அந்த மழை நிற்கும் என்று போய் ராஜாவிடம் சொன்னதே எலியாதான், ஆக அவர் சொன்ன பஞ்சம் அவர் குடிக்கிற தண்ணீரையும் சேர்த்துத்தான் காயப்போட்டிருக்கிறது. சிறுவயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் காகத்தைப் படமாக வரைந்து வரைந்து இந்த வசனத்தைத் தாண்டியே போயிருக்கிறோம்.

கொடுத்தது நிஜம், வற்றினதும் நிஜம், இரண்டும் ஒரே கதைக்குள் இருக்கலாம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

(காகத்தைப் பற்றி ஒன்று. பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் மொட்டைமாடியில் "கா கா" என்று கூப்பிட்டு ஒரு கவளம் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சோறு போடுவார். இங்கே காக்கைக்கு மனுஷன் வைக்கிறான், அங்கே காக்கை மனுஷனுக்குக் கொண்டுவந்து வைக்கிறது. அதுவும் பைபிளிலேயே லேவியராகமத்தில் தீட்டு என்று ஒதுக்கி வைத்த பறவை. எந்தக் கையால் வருகிறது என்று பார்த்துச் சாப்பிடுகிறவனாக இருந்தால் எலியா பட்டினிதான். அந்த மாதங்களில் அம்மா உணவகத்தில் அஞ்சு ரூபாய் சாம்பார் சாதம் வாங்க வரிசையில் நின்றபோது எனக்கு ஒரு கூச்சமும் வரவில்லை என்றால் அதற்கு இந்தக் காகம்தான் காரணம்.)

ஆறு வற்றினதும் எங்கே அனுப்புகிறார் பாருங்கள். வசதியான வீட்டுக்கு இல்லை. சீதோனில் இருக்கிற சாறிபாத்துக்கு, வேற்று ஜாதி, வேற்று தேசம், ஒரு விதவை வீட்டுக்கு. அவள் இரண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள், கடைசிப் பிடி மாவை மகனுக்கும் தனக்கும் சுட்டுச் சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போகலாம் என்று.

எங்களுக்கு வந்த சாறிபாத் கீழ்வீட்டு அக்கா. காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துத் தெருவில் விற்கிறவர், வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், கல்லூரி போகிற பையன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், ஃபைபர் படகில் வருகிற கொஞ்ச மீனுக்கு ஏலத்தில் கைவைக்க முடியாத விலை. குஞ்சு பொரிக்கிற காலம், தடை நியாயம்தான். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கிறதும் அந்த ஜூன் மாதத்தில்தான். ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ எல்லாம் கேட்கிற நேரத்தில் மீனவர் வீடுகளில் கையில் ஒன்றும் இருக்காது. அடகுக்கடைக்காரருக்கு அதுதான் சீசன்.

அப்படிப்பட்ட சமயத்தில் அந்த அக்கா ஒரு நாள் சாயங்காலம் தினத்தந்தி பேப்பரில் நெத்திலிக் கருவாட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். கூடவே ஒரு மஞ்சள் பையில் ரேஷன் அரிசி. தடைக்காலத்தில் கருவாடுதான் அவருக்கு வியாபாரம், அதிலிருந்து எடுத்திருக்கிறார். "அக்கா, உங்களுக்கே இப்ப கஷ்டம்தானே" என்றேன். "கஷ்டத்துல இருக்கறவளுக்குத்தான்டி கஷ்டம் தெரியும், புடி" என்று பையைக் கொடுத்துவிட்டு, என் பெண்ணின் கிழிந்த ஸ்கூல் பேகைத் தூக்கி ஜிப்பை இழுத்துப் பார்த்து, "இத என் பையன்கிட்ட குடு, ரன்னர மாத்திக் குடுப்பான்" என்று அதையும் வாங்கிக்கொண்டு போனார். அவர் எங்கள் சபை கிடையாது, எந்தச் சபையும் கிடையாது, ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்.

ஒருவேளை நான் எதிர்பார்த்தது வேறு மாதிரியாக இருந்திருக்கலாம், யாராவது ஒருவர் மொத்தமாக ஒரு தொகையைக் கொண்டுவந்து கொடுப்பார் என்கிற மாதிரி. சாறிபாத்திலும் அப்படி நடக்கவில்லை. எலியாவுக்கும் சேர்த்துச் சுட்டுக் கொடுத்த பிறகு அந்த விதவையின் மாவுப் பானை நிரம்பி வழிந்ததாக எங்கேயும் எழுதவில்லை. மாவு தீரவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அந்தம்மா பானைக்குள் கையை விடும்போது அடிமாவுதான் தட்டுப்பட்டிருக்கும், நாளைக்கும் இருக்குமா என்கிற பயத்தோடுதான் கையை விட்டிருப்பாள். அப்புறம் அதே அதிகாரத்தில், மாவு குறையாத அதே வீட்டில், அவள் பையன் நோய்வாய்ப்பட்டு மூச்சு நின்றுபோகிறான். எலியா ஜெபித்து உயிர் திரும்பினது பிறகு. சோறு வருகிற வீட்டுக்கு வேறு அடி வராது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுப்போம் இல்லையா, இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தது எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் என்று வருமே, அது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை: பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பிறகு என்று இருக்கிறது. சிறைபட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. வாசிக்கக் கேட்டவர்களில் பெரியவர்கள் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்? அதற்காக உட்கார்ந்து அழுங்கள் என்றும் சொல்லவில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று வரிசையாக வேலை சொல்கிறது.

சரி, தோட்டம் போட எங்களுக்கு இடம் ஏது? பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடையில் கேட்டு, ஃபால்ஸ் தைத்து ஓரம் அடிக்கிற வேலையை வீட்டுக்கு வாங்கி வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் ஆக்டிங் டிரைவராகப் போகிறார், கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாத நாள் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுவார். நிலுவைச் சம்பளத்துக்குத் தொழிலாளர் துறையில் மனுவும் கொடுத்திருக்கிறோம். "கர்த்தர் பார்த்துக்குவார்னு விட்டுட வேண்டியதுதானே" என்று ஒரு பிரதர் கேட்டார். ஆட்டோ பின்னால் யெகோவாயீரே, அதாவது கர்த்தர் பார்த்துக்கொள்வார், என்று எழுதியிருக்கிற டிரைவரும் சவாரி தேடி ஸ்டாண்டில் வந்துதானே நிற்கிறார். டிவியில் ஒருவர், கையில் இருக்கிற கடைசிக் காசை விதையாகப் போடு, நூறு மடங்கு வரும் என்கிறார், அக்கவுண்ட் நம்பரும் கீழே ஓடுகிறது. அதைப் பார்த்து மூக்குத்தியை அடகு வைத்தவர்களை இந்த ஏரியாவிலேயே எனக்குத் தெரியும், கோபம்தான் வருகிறது.

மாமியார் கத்தோலிக்கர், செவ்வாய்க்கிழமை ஆனால் பாரிமுனை ஆர்மேனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்குப் போய்விடுவார். மகன் வேலைக்காக மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, "கேட்டாச்சு, இனிமே அவர் பாடு" என்று காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார். நான் இவ்வளவு யோசித்து வந்து சேருகிற இடத்தில் அவர் முன்னாலேயே முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் பாஸ்டர் ஐயா, கர்த்தர் செய்த நன்மையை யாராவது சாட்சியாகச் சொல்லலாம் என்றார். நான் எழுந்து கருவாடு, ஸ்கூல் பேக், ஃபால்ஸ், தொழிலாளர் துறை மனு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டலாமா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆராதனை முடிந்ததும் ஒரு ஆன்ட்டி வந்து, "அப்போ தம்பிக்கு வேலை கிடைச்சிடுச்சாம்மா?" என்று கேட்டார். இன்னும் இல்லை ஆன்ட்டி என்றேன். "அப்புறம் எதுக்கு இப்பவே சாட்சி சொன்னே?" என்றார். மாவு இன்னும் தீரலையே ஆன்ட்டி, அதுக்குத்தான் என்றேன்.