வகுத்தல் விதியில் குறி தப்பும் இடம்

விகிதமுறு சார்பை, அதாவது ஒரு பல்லுறுப்புக் கோவையை இன்னொன்றால் வகுத்த சார்பை, வகையிடும்போது வகுத்தல் விதியை மறந்து தவறுபவர்கள் குறைவு. விதியில் போட்டு முடித்த பிறகு, அடைப்பைப் பிரிக்கும் வரியில்தான் பெரும்பாலும் விடை கெடுகிறது. (2எக்ஸ் + 3) / (எக்ஸ்² + 1) என்ற ஒரு கணக்கிலேயே அதைப் பார்த்துவிடலாம்.

முதலில் நான்கு துண்டுகளையும் ஓரமாக எழுதிக்கொள்ளுங்கள். மேலே உள்ள தொகுதி 2எக்ஸ் + 3, அதன் வகைக்கெழு 2. கீழே உள்ள பகுதி எக்ஸ்² + 1, அதன் வகைக்கெழு 2எக்ஸ். இனி பகுதியைத் தொகுதியின் வகைக்கெழுவால் பெருக்கி, அதிலிருந்து தொகுதியைப் பகுதியின் வகைக்கெழுவால் பெருக்கியதைக் கழித்து, பகுதியின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்:

[2(எக்ஸ்² + 1) − 2எக்ஸ்(2எக்ஸ் + 3)] / (எக்ஸ்² + 1)²

இரண்டாவது பெருக்கல் 4எக்ஸ்² + 6எக்ஸ். கழித்தல் குறி இரண்டு உறுப்புக்கும் போக வேண்டும். அவசரத்தில் −4எக்ஸ்² + 6எக்ஸ் என்று விழுந்துவிடும். அதனால் 2எக்ஸ்² + 2 − (4எக்ஸ்² + 6எக்ஸ்) என்று அடைப்போடு ஒரு வரி எழுதிவிட்டுப் பிரிப்பதே நல்லது. விடை (−2எக்ஸ்² − 6எக்ஸ் + 2) / (எக்ஸ்² + 1)². கீழே உள்ள வர்க்கத்தை விரிக்கவே வேண்டாம்.

சரிபார்க்கப் பலர் எக்ஸ் = 0 போடுகிறார்கள். இங்கே அது ஏமாற்றும்: குறி தப்பிய விடையும் சரியான விடையும் இரண்டுமே 2 தரும், ஏனென்றால் 6எக்ஸ் அங்கே மறைந்துவிடுகிறது. எக்ஸ் = 1 போடுங்கள். சரியான விடை −1.5, தப்பான விடை +1.5. மூலச் சார்பு 1-இல் 2.5, 1.01-இல் ஏறக்குறைய 2.48503. வித்தியாசத்தை 0.01-ஆல் வகுத்தால் −1.497. இறங்குகிற வளைவுக்குக் கூட்டல் குறி வர வழியில்லை.

எதிலிருந்து எதைக் கழிப்பது என்ற குழப்பத்துக்கு மனப்பாடத்தைவிடப் பெருக்கல் விதி உதவும். ஈவு × பகுதி = தொகுதி. இரு பக்கமும் வகையிட்டு, ஈவின் வகைக்கெழுவைத் தனியாக்கினால், பகுதியின் வகைக்கெழு உள்ள உறுப்பு மறுபக்கம் போய்க் கழித்தல் குறி வாங்குகிறது. வரிசை மாறினால் விடை முழுவதும் குறி மாறிவிடும். ஜெர்மன் கணிதவியலாளர் லைப்னிட்ஸ் 1684-இல் அச்சிட்ட கட்டுரையிலேயே இந்த வகுத்தல் விதி இருக்கிறது.

எல்லா இடத்திலும் இதைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. (எக்ஸ்³ + 4எக்ஸ்) / 2எக்ஸ் என்றால், எக்ஸ் பூச்சியமாக இல்லாத இடத்தில், முதலிலேயே வகுத்தால் (எக்ஸ்² + 4) / 2, வகைக்கெழு எக்ஸ். தொகுதி வெறும் மாறிலியானால் பகுதியை எதிர்ப் படியாக மேலே ஏற்றிச் சங்கிலி விதி போடுவது சுருக்கம்.

பகுதியே ஒரு படியில் இருந்தால் விரிப்பதற்கு முன் பொதுக் காரணியை வெளியே எடுங்கள். எக்ஸ் / (எக்ஸ்² + 1)³ என்பதை விதியில் போட்டால் மேலே (எக்ஸ்² + 1)³ − 6எக்ஸ்²(எக்ஸ்² + 1)², கீழே (எக்ஸ்² + 1)-இன் ஆறாம் படி. மேலே இரண்டு உறுப்பிலும் (எக்ஸ்² + 1)² இருப்பதால்தான் அடிக்க முடிகிறது. ஓர் உறுப்பில் மட்டும் இருந்தால் அடிக்கக் கூடாது. அடித்த பிறகு நிற்பது (1 − 5எக்ஸ்²) / (எக்ஸ்² + 1)⁴.