உத்தரவாதம் கிடையாது, சித்தப்பா

சித்தப்பாவின் ஹார்டுவேர் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த பில் புரோகிராமைப் போன வாரம்தான் தமிழுக்கு மாற்றினேன். மறுநாள் காலையிலேயே போன். "ஏன்டா, தொறந்த உடனே உத்தரவாதம் கிடையாதுன்னு வருது? நாளைக்குக் கணக்கு தப்பாச்சுன்னா?"

ரெண்டு வருஷமாக அதே வரி ஆங்கிலத்தில் இருந்தது. யாரும் படிக்கவில்லை.

வாசகம் என்னுடையது அல்ல. என் புரோகிராம் க்னூ பொது உரிமத்தின் கீழ் வருவது; மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று அனுமதி தரும் உரிமம் அது. அதன் கடைசியில், அறிவிப்பை எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி கொடுத்திருப்பார்கள். 1991இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் உண்டு, 2007இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் உண்டு. பதிப்புரிமை இன்னாருக்கு, உத்தரவாதம் அறவே இல்லை, சில நிபந்தனைகளோடு நீங்கள் தாராளமாகப் பிறருக்குக் கொடுக்கலாம். அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் அந்த 'உத்தரவாதம் அறவே இல்லை' மட்டும் பெரிய எழுத்தில் (கேப்பிட்டல்) கத்தும். அமெரிக்க வணிகச் சட்டத்தில், வாய்விட்டுச் சொல்லாமலே பொருளோடு வரும் தர உறுதியை எழுத்தில் விலக்கினால், அது கண்ணில் படும்படி இருக்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போக? தடித்த எழுத்து போட்டேன். கடையின் பழைய மானிட்டரில் 'ழ'வும் 'ண'வும் அப்பிக்கொண்டன. கறுப்புக் கட்டம் போட்டால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருந்தது. கடைசியில் மேலும் கீழும் இடம் விட்டுத் தனி வரியாக வைத்தேன்.

உரிமத்தின் உள்ளே இருக்கும் உத்தரவாத வரியின் மொழிபெயர்ப்பிலும் ஒரு கோளாறு. 'சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு உத்தரவாதம் இல்லை' என்று எழுதியிருந்தேன். மறுபடி படித்தால், சட்டம் நிறையத் தரச் சொல்கிறது, நான் குறைத்துத் தருகிறேன் என்கிற மாதிரி இருக்கிறது! 'சட்டப்படி விலக்க முடியாதவை தவிர, வேறெந்த உத்தரவாதமும் கிடையாது' என்று மாற்றினேன். கூடவே, இந்தத் தமிழ் புரிந்துகொள்ள மட்டும், செல்லுபடியாவது ஆங்கில மூலம்தான் என்றும் ஒரு வரி.

சித்தப்பா விடவில்லை. "ஓசியில கெடைச்சா இப்படித்தான்" என்றார். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளின் ஒப்பந்தத்திலும் இதே கைவிரிப்பு இருக்கும் என்றேன். நம்பவில்லை. (கட்டணம் வாங்கிக்கொண்டு உத்தரவாதம் தரலாம் என்று உரிமத்திலேயே இருக்கிறது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.)

"பஸ்ல 'உடைமைகளுக்கு உடையவரே பொறுப்பு'ன்னு எழுதியிருக்காங்களே, அதுக்காக ஏறாம இருக்கீங்களா?"

"அது வேற."

"சரி, உங்க பில்லோட அடியில என்ன போட்டிருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.' அதை அச்சடிப்பதே என் புரோகிராம்தான்.

"அதை நான் பொடி எழுத்துலதானடா போடச் சொன்னேன்" என்றார்.